டேங்க் காய்வதற்குள்

– வண்டி டேங்க்க நல்லா ஆட்டுங்க. தூளியில போட்டு ஆட்டுற மாதிரி ஆட்டினா துரு எப்படிப் போகும்?

– வாய்தான்டி உனக்கு. துருவச் சுரண்டப் போட்ட நட்டு போல்ட்டு அவ்வளவு உள்ள கெடக்கு, கை விட்டுப்போச்சு. நீ ஒரு பக்கம் பிடி.

– ஐயே, வினிகர் நாத்தம். நேத்துலேருந்து ஊறுது, மூக்கெல்லாம் எரியுது.

– பஸ் போகாத ஊருக்கு மாத்தல் வாங்கினது யாரு? இந்த வண்டியிலதானே கொண்டு போய் விடணும்?

– நானா வாங்கினேன்? பள்ளிக்கூடத்துல எழுதிக் குடுத்துட்டாங்க. நாளைக்கு முதல் மணி அடிக்கிறப்ப அங்க நிக்கணும். பெட்டி கட்டியாச்சு.

– பார்த்தேன்.

– வண்டிய இப்படித் துருப்பிடிக்க விட்டது யாராம்?

– நைட் ஷிப்டுக்குக் கம்பெனி வேன் வந்துது. பாதி டேங்க்கோட நிறுத்தினேன். பெட்ரோல் படாத இடமெல்லாம் துரு. சரி விடு.

– வேன் வந்துது, வேன் வந்துது! நீங்க உள்ள வர்றப்ப நான் செருப்பு மாட்டிட்டு நிப்பேன். வாசல்ல பார்த்துக்கிட்டதுதான் நம்ம குடித்தனம்.

– நீ படுத்த பக்கம் சூடா இருக்கும். அதுல போய்த்தான் படுப்பேன்.

– இத ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?

– யார்கிட்ட சொல்ல? தலகாணிகிட்டயா?

– அதான் வேலைய விட்டாச்சே.

– விட்டு வீட்டுல வந்து உக்காந்தேன், உனக்கு ஆர்டர் வந்துது.

– அங்க நான் தங்கப்போறது லேடீஸ் ஹாஸ்டல். உங்களக் கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க.

– தெரியும்.

– போகாதன்னு ஒரு வார்த்தை வரலையே உங்க வாய்லேருந்து.

– உன் சம்பளத்துலதான் இப்ப வீடு ஓடுது. எந்த வாயால சொல்ல? சாய்ச்சுப் பிடி, ஊத்திடலாம்.

– அம்மாடி, செங்கல்லக் கரைச்ச மாதிரி வருது!

– நட்டெல்லாம் விழுந்துச்சா? அந்தச் சோடா உப்புத் தண்ணிய ஊத்து. அலசு. இன்னொரு தடவ நல்ல தண்ணி. இப்பப் பாரு, வெளுத்துடுச்சு. டார்ச் அடி.

– பளபளன்னு இருக்குங்க.

– ஹேர் டிரையர் எங்க? உடனே காய வைக்கணும். ஈரத்தோட விட்டா கொஞ்ச நேரத்துல மறுபடி துரு ஏறிடும்.

– நெசமாவா?

– நெசம்தான்டி. அப்புறம் முதல்லேருந்து ஊற வைக்கணும். நீ இன்னைக்கு ஊருக்குப் போன மாதிரிதான்.

– பெட்டிக்குள்ள அடியில வெச்சுட்டேன்.

– தொறந்து எடு, சீக்கிரம்.

– எடுக்க மாட்டேன். டேங்க்க அப்படியே போட்டுட்டு உள்ள வாங்க.