பதாகையில் இல்லாத பிரேக்ஷா

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் கொடையாளர் ஜயகர ஷெட்டி அவர்களே, உடுப்பி நகரின் மூத்தோரே, பெற்ற பிள்ளையை அறுவை அறைக்குள் அனுப்பிவிட்டு உயிரைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்ற தாய்மார்களே, வணக்கம்!

நம் மருத்துவமனைக்கு ரோபோ வந்து ஓராண்டு. நடுங்காத கரம், நுண்ணிய துளை, நாளடைவில் மறையும் தழும்பு! மறுப்பேனா? மாட்டேன். ஆனால் ரோபோ அறுவையில் நலமானவர்களின் பெயர்கள் பொறித்த இந்தப் பதாகையில் ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது. அதைக் கேட்டு வாங்கத்தான் மேடையேறினேன்.

மல்பேயில் படகோட்டும் புஷ்பராஜின் மகள் பிரேக்ஷா. மூன்று வயது. சிறுநீர் இறங்கும் வழி அடைத்து, ஒரு சிறுநீரகம் வீங்கிக் கிடந்தது. ரோபோவுக்கு அவள்தான் முதல் குழந்தை.

தாய் ஹரிணாக்ஷி கேட்டாள்: "எம்புள்ள அழுதா மெஷினுக்குக் கேக்குமா டாக்டர்?"

"மெஷினுக்குக் கேக்காதும்மா. எனக்குக் கேக்கும்" என்றார் அறுவை மருத்துவர் அமிதா காமத்.

அவர் அமர்வது அறையின் மூலையில், திரைக்குள் முகம் புதைத்து; ரோபோவின் கைகளை அங்கிருந்தே இயக்குவார். நோயாளியின் உடலுக்குள் தெரியும். வெளியே இரும்புக் கைகள் இறங்குவது தெரியாது. ஆகவே எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மயக்கம் கொடுக்கும் நான், நோயாளியின் முகத்துக்கு மேல் என் கையைக் கவித்து வைத்திருப்பேன். இரும்பு என்னைத் தொட்டால் "நில்லுங்க" என்பேன். ஏன் என்று எவரும் கேட்கக் கூடாது.

அன்று தொட்டது. "நில்லுங்க!" நின்றது. மாற்றி அமைத்தோம். மறுபடியும் இறங்கியது, இம்முறை என் கையை அழுத்தியது. ஐயோ, அந்தக் கைக்குக் கீழே பிஞ்சு முகம்! "நில்லுங்க!"

வெளியே மாலையோடு தலைவர். படக்கருவிகளோடு பத்திரிகையாளர்கள். அந்த நாற்காலியை விட்டு எழுவது எளிதா? ஊர் சிரிக்காதா? அமிதா எழுந்தார்.

"மெஷினத் தள்ளி வைங்க. கையால முடிச்சிடலாம்."

முடித்தார்.

தலைவர் பதறினார்: "என்ன டாக்டரே, மெஷின் மக்கர் பண்ணிடுச்சா? போட்டோக்காரங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல?" சிரிக்கிறீர்களா ஐயா? சிரியுங்கள், சிரியுங்கள்!

"மெஷின் நல்லாத்தான் இருக்கு ஷெட்ரே. புள்ளதான் சின்னது" என்றார் அமிதா.

"தழும்பு பெருசாத்தான் இருக்கும்" என்று பெற்றோரிடம் அமிதா தயங்க, புஷ்பராஜ் வெடித்தார்: "தழும்பு கெடக்குது டாக்டர்! புள்ள எந்திரிச்சு என்னைத் தேடுவாளா, அதச் சொல்லுங்க!"

தேடினாள். அதோ, முதல் வரிசையில் தந்தையின் தோளேறி, நான் பேசுவதைப் பொருட்படுத்தாமல் முறுக்குத் தின்கிறாளே, அவள்தான்!

இயந்திரத்தை ஆளத் தெரிந்தவர் வல்லவர். குழந்தைக்காக அதைவிட்டு எழத் தெரிந்தவரே மருத்துவர். தலைவர் அவர்களே, பதாகையில் இடமில்லை என்று சொல்லாதீர்கள். பிரேக்ஷாவின் பெயரை எல்லாவற்றுக்கும் மேலே எழுதுங்கள்.

பொறுமையோடு செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. அன்று எழுந்து வந்த அமிதாவுக்கு என் வணக்கம்.