ஏரிக்குப் போகும் அம்புக்குறி

எனக்கு வெயில் ஒத்துக்கொள்வதில்லை, ஐயா. அரை மணி நேரம் நின்றால் போதும், தலைவலி வந்துவிடும். அதனால்தான் அன்றைக்கு நான் நிழலில் உட்கார்ந்திருந்தேன். அதே நேரத்தில் மற்ற முப்பத்தெட்டு ஆசிரியர்களும் வெயிலில் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் எனக்கும் உள்ள சம்பந்தத்தைச் சொல்லத்தான் இன்று வேங்கிக்கால் கல்வி ஆபீஸ் வரைக்கும் வந்திருக்கிறேன். நிதானமாகவே சொல்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

என் பெயர் பலராமன். கணக்கு ஆசிரியர், இருபத்தாறு வருட சர்வீஸ். பிள்ளைகளை நான் கை நீட்டி அடித்ததில்லை. அவசியம் வரவில்லை. என் ஸ்கூட்டர் பள்ளிக்கூட கேட்டில் திரும்பும் சத்தம் கேட்டாலே எட்டாம் வகுப்பு ஆ பிரிவு வாயை மூடிக்கொள்ளும். வேப்பமரத்துக் காக்காகூட அந்த நேரம் பார்த்துக் கத்தாது என்று சக ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். அந்த அமைதியைச் சம்பாதிக்க எனக்கு இருபத்தாறு வருடம் ஆனது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு கேளுங்கள்.

போன வருடம் எங்கள் ஓவிய ஆசிரியர் அன்பரசன் ஒரு பயிற்சிக்குப் போனார். படைப்பாற்றலோடு பாடம் நடத்துவது எப்படி என்ற பயிற்சி. அங்கே அவரை யானையாக்கினார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் துதிக்கையாக ஆட்டி, பிளிறிக்கொண்டே மைதானத்தை நாலு சுற்று வந்தார். பயிற்சி முடிந்து மனுஷன் பஸ் ஏறுவதற்குள் வீடியோ பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. இன்றைக்கு அவர் வகுப்பில் நுழைந்தால் நாற்பது பிள்ளைகளும் மூக்கைப் பிடிக்கிறார்கள். சென்ற மாதம் ஒரு பெண் பிள்ளை வாழைப்பழம் நீட்டியது. அன்பரசன் அதை வாங்கிச் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த வருடம் என் முறை. திறந்தவெளிக் கற்றல் பயிற்சி, ஐந்து நாள், அடி அண்ணாமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில். பயிற்சி கொடுத்தவர் ஆர்த்தி, சென்னைக்காரப் பெண். நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். முதல் நாள் மரத்தைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார், கட்டிப்பிடித்தேன். எறும்பு கடித்தது, பொறுத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் ஆளுக்கொரு கூழாங்கல்லைக் கொடுத்துப் பெயர் வைக்கச் சொன்னார். நான் கூழாங்கல் என்றே பெயர் வைத்தேன். மூன்றாம் நாள் பூவரச இலையில் கிரீடம் செய்தோம். நான்காம் நாள் சாயங்காலம் சீட்டுக் குலுக்கி நாடகத்துக்கு வேஷம் பிரித்தார்கள். ஏரியில் ஒரு நாள் என்று நாடகத்துக்குப் பெயர். உடற்கல்வி ஆசிரியர் அருள்ராஜுக்குக் கொக்கு. தலைமையாசிரியை பச்சையம்மாளுக்குத் தாமரை. தாமரைக்கு உட்கார்ந்தே இருக்கிற வேலை. எனக்குத் தவளை வந்தது.

"சூப்பர் சார். நல்லா குதிக்கணும், கத்தணும், நாக்க நீட்டி ஈ புடிக்கணும்" என்றார் ஆர்த்தி. "நாளைக்கு மூணு மணிக்கு ஆபீசர் வர்றாரு. கேமராவோட வர்றாங்க. யூடியூப்ல லைவ்."

"எனக்கு வயசு ஐம்பத்திநாலும்மா. தாமரை ஏதாவது பாக்கி இருக்குதா?" என்று கேட்டேன்.

"ஒரே தாமரைதான் சார். அது போயிடுச்சு."

வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒருமுறை குதித்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன் ஐயா, நன்றாக வந்தது. கத்திப் பார்த்தேன், அதுவும் பிரமாதமாக வந்தது. அப்போதுதான் எனக்கு நிஜமான பயம் பிடித்தது. சுமாராகச் செய்தவனை ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். இந்தத் தவளையை எட்டாம் வகுப்பு ஆ பிரிவு என் ஓய்வுக்காலம் வரை மறக்காது.

ஐந்தாம் நாள் காலையில் புதையல் வேட்டை. மண்டபத்திலிருந்து புறப்பட்டு, அம்புக்குறிகளைப் பார்த்து நடந்து ஏரிக்கரைக்கு வந்து சேர வேண்டும். மொத்தமே அரைக் கிலோமீட்டர். கிரிவலப் பாதையில் கொஞ்ச தூரம் போனதும் இடது பக்கம் ஒரு மண் பாதை பிரிகிறது. அங்கே திரும்பினால் ஏரி. திரும்பாமல் நேரே போனால் கிரிவலம்தான். அந்த இடத்தில் மூங்கில் குச்சியில் ஒரு அம்புக்குறிப் பலகை நட்டிருந்தது. நட்டது வினோதினி.

வினோதினியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியை, இருபத்தொன்பது வயது. மரத்தைக் கட்டிப்பிடி என்றால் கண்ணை மூடிக்கொண்டு கட்டிப்பிடிக்கிற ஜாதி. உத்தரகாண்ட் மலையில் பத்து நாள் வெளிப்புறக் கல்விப் பயிற்சி ஒன்று இருக்கிறது, மாவட்டத்துக்கு ஒருவரைத்தான் அனுப்புவார்கள். மூன்று வருடமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த முறை பட்டியலில் அவள் பெயர்தான் முதலில். குளிருக்கு ஸ்வெட்டர்கூட வாங்கி வைத்துவிட்டாள். திருவண்ணாமலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஸ்டாப் ரூமில் நின்று காட்டினாள், நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

நான் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு முன்னாலேயே புறப்பட்டேன். பலகைக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. பச்சையம்மாள் டீச்சருக்கு வலது முழங்காலில் வீக்கம் உண்டு. அதை நான் மறந்துவிட்டதாக நீங்கள் எழுத வேண்டாம். குச்சியில் கை வைத்தபோது அந்த முழங்கால் ஞாபகத்துக்கு வந்தது. அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் யோசித்தேன். யோசித்துவிட்டுத் திருப்பினேன்.

தப்பான வழி என்று தெரிந்ததும் திரும்பி வந்துவிட மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். வெளியூர்க்காரர் கேட்க வேண்டிய கேள்வி அது. மலையைச் சுற்ற ஆரம்பித்தவன் பாதியில் திரும்புவதை இந்த ஊரில் நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மலை வலது கைப்பக்கமே இருக்க வேண்டும். கால் வலித்தால் உட்காருவான், டீ குடிப்பான், மறுபடி நடப்பான், திரும்ப மட்டும் மாட்டான். இதை நான் கணக்கில் சேர்த்திருந்தேன். பதினாலு கிலோமீட்டர். எப்படியும் மூன்று மணி தாண்டிவிடும், ஆபீசர் போய்விடுவார், நாடகமும் இருக்காது. ஆர்த்தியின் விதிமுறைகளும் எனக்குத் துணையாக இருந்தன. கைபேசிகளைக் கூடையில் போட்டுவிட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் யாரும் பேசக் கூடாது. தலையில் இலைக் கிரீடம் இருக்க வேண்டும்.

பத்தரை மணிக்கு முப்பத்தெட்டு பேரும் கிரீடத்தோடு, ஒரு வார்த்தை பேசாமல், பலகைக்குப் பக்கத்து டீக்கடை வாசலைத் தாண்டி நேரே போனார்கள். நான் உள்ளே மசால் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பலகை நட்ட வினோதினியாவது திரும்பியிருக்கலாம். அவள் கடைசி வரிசையில் ஒரு புழுவைப் பார்த்துக்கொண்டே போனாள். தலை நிமிர்ந்தபோது எல்லாரும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய்க் கையை ஆட்டி ஜாடை காட்டியிருக்கிறாள். ஏதோ பறவையாக நடிக்கிறாள் என்று நினைத்து எல்லாரும் பதிலுக்குக் கையை ஆட்டினார்களாம்.

பேசலாம் என்ற நேரம் வந்தபோது குபேர லிங்கத்தில் இருந்தார்கள். அங்கே நடந்ததைப் பலர் வாயிலாகக் கேட்டுத்தான் சொல்கிறேன்.

"இன்னா டீச்சர் இது, ஏரினு சொன்னாங்க, குபேர லிங்கம் வந்துட்டுது" என்றிருக்கிறார் அருள்ராஜ்.

"ஏரி அந்தப் பக்கம் சார், நான் அப்பவே கைய ஆட்னேன்" என்று வினோதினி அழாத குறையாகச் சொல்லியிருக்கிறாள். "வாங்க, திரும்பிடலாம்."

பச்சையம்மாள் டீச்சர் விடவில்லை. "திரும்பறதா? வாயு லிங்கத்துல கற்பூரம் ஏத்திட்டு வந்துட்டேம்மா. இனிமே சுத்திதான் ஆகணும். மெதுவா போலாம், வாங்க."

ஆட்டோ பிடிக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு அவர் முறைத்த முறைப்பை அருள்ராஜ் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த அருள்ராஜ்தான் முதலில் உட்கார்ந்தவர். மாவட்ட அளவில் கபடி ஆடியவர். ஈசான்ய லிங்கத்துக்கு முன்னால் நடைபாதையில் மல்லாந்து படுத்து, வானத்தைப் பார்த்து, "எனக்கு ஏன்டா இந்த வேலை" என்று கேட்டாராம். அப்போது ஆந்திராவிலிருந்து வந்த பக்தர்கள் ஒரு பஸ் நிறைய இறங்கியிருக்கிறார்கள். இலைக் கிரீடத்தையும் களைத்த முகங்களையும் பார்த்து, ஏதோ பெரிய விரதம் என்று நினைத்துக்கொண்டு வரிசையாகக் காலில் விழுந்தார்கள். அருள்ராஜ் படுத்தபடியே ஆசீர்வாதம் செய்தார். பிறகு அவர்களும் பின்னால் சேர்ந்துகொள்ள, கூட்டம் தொண்ணூறைத் தொட்டு ஊருக்குள் தேரடித் தெரு வழியாகப் போயிருக்கிறது.

நான் திருப்பியது தொண்ணூறு பாகை, ஐயா. அவர்கள் நடந்தது முந்நூற்று அறுபது. மீதி இருநூற்று எழுபதுக்கு நான் பொறுப்பாக முடியாது. கணக்கு அப்படித்தான் வருகிறது.

ஒரு மணிக்கு நான் ஏரிக்கரைக்குப் போனேன். பசித்தது. ஆர்த்தி மைக்கோடு தனியாக நின்றுகொண்டிருந்தார். "எல்லாரும் எங்க சார்?" என்று கேட்டார். "இயற்கையில மூழ்கிட்டாங்கம்மா, தொந்தரவு பண்ணாதீங்க" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடப் பயிற்சியில் இப்படி நடந்ததே இல்லை என்றார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, எலுமிச்சை சாதப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். கூடையில் அருள்ராஜின் கைபேசி பதினோராவது முறையாக அடித்தது. அவர் வீட்டம்மா. பாவமாக இருந்தது, எடுத்தேன். "கிரிவலம் போயிருக்காரும்மா" என்றேன். "இன்னிக்கு பௌர்ணமியே இல்லியே சார்" என்றார். "பக்தி ஜாஸ்தி ஆயிட்டுது" என்று சொல்லி வைத்தேன். மிச்சம் முப்பத்தெட்டு பொட்டலத்தையும் குரங்குகள் கொண்டுபோயின. நான் தடுக்கவில்லை. எல்லாரையும் தேடிக் கூட்டிவருகிறேன் என்று ஆர்த்தியிடம் சொல்லிவிட்டு மறுபடியும் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு ஆபீசரின் ஜீப் வந்தது. மூன்று இருபதுக்குத் திரும்பிப் போனது. எனக்கு நிம்மதியாக ஒரு தூக்கம் வந்தது.

அவர்கள் வந்து சேர்ந்தபோது ஐந்தே கால். பச்சையம்மாள் டீச்சரை இரண்டு ஆந்திரப் பெண்கள் தாங்கிக்கொண்டு வந்தார்கள். நான் எழுந்து போய் நாற்காலி போட்டேன், மோர் வாங்கிக் கொடுத்தேன். "உங்களுக்குத்தான் சார் நல்ல மனசு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மறுத்துப் பேசவில்லை. பெரியவர்கள் வாழ்த்தினால் வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு வெயில் நூறு டிகிரி என்று பேசிக்கொண்டார்கள். மறுநாள் பேப்பரில் பார்த்தேன், தொண்ணூற்றெட்டுதான்.

அடுத்த வாரம் இருபத்துமூன்று பேர் மருத்துவ விடுப்பு. புகார் கிளம்பியது. பலகை நட்டவள் வினோதினி என்பதால் அவளுக்கு மெமோ வந்தது. உத்தரகாண்ட் பட்டியலிலிருந்து பெயரையும் எடுத்துவிட்டார்கள்.

"நான் ஏரிப் பக்கம்தான் சார் வச்சேன். சத்தியமா சார். நானே வச்சேனே" என்று என் மேஜை முன்னால் நின்று அழுதாள்.

"விடும்மா. சின்ன வயசுல இதெல்லாம் சகஜம். கவனம் கொஞ்சம் கம்மி, அவ்ளோதான்" என்று ஆறுதல் சொன்னேன். விளக்கக் கடிதத்தையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். "என் கவனக்குறைவால்" என்ற இடத்தில் அவள் பேனா நின்றது. எழுதும்மா, பணிவு நல்லது என்றேன். எழுதினாள். தன்மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதன் பிறகு எந்தச் சாலையில் போனாலும் வழிப்பலகையை இரண்டு முறை தொட்டுப் பார்க்கிறாள். ஸ்வெட்டரை யாருக்கோ கொடுத்துவிட்டாள். எட்டு வாரம் இப்படியே போனது. நான் எட்டு வாரமும் நன்றாகத் தூங்கினேன். என் ஸ்கூட்டர் சத்தத்துக்கு எட்டாம் வகுப்பு ஆ பிரிவு இப்போதும் அமைதியாகிறது.

நேற்றுக் காலை பத்து மணிக்குப் பள்ளிக்கு ஒரு ஆணை வந்தது. உத்தரகாண்டுக்கு வினோதினிக்குப் பதில் பலராமன். காரணமும் எழுதியிருந்தார்கள். ஐந்தாம் நாள் குறியீடுகளைச் சரியாகப் பின்பற்றி ஏரிக்கரையை அடைந்து கையெழுத்திட்ட ஒரே ஆசிரியராம். பத்து நாள் நிகழ்ச்சி நிரலும் இணைத்திருந்தது. முதல் நாள் கரடி. இரண்டாம் நாள் வெட்டுக்கிளி. மூன்றாம் நாள் முதல் கிராம மக்கள் முன்னிலையில். அனைத்தும் நேரலை.

பத்தேகாலுக்கு என் மனசாட்சி உறுத்த ஆரம்பித்தது. ஒரு சின்னப் பெண்ணின் வாய்ப்பை நான் பறித்துக்கொள்வதா? என்னால் முடியவில்லை, ஐயா. அவள் அழுதபோது உறுத்தாதது இப்போது ஏன் உறுத்துகிறது என்று கேட்காதீர்கள். மனசாட்சி எப்போது விழிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பலகையைத் திருப்பியவன் நான். இதை நல்ல நினைவோடும், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமலும் சொல்கிறேன். ஊதிய உயர்வை நிறுத்துங்கள். ஜவ்வாது மலைக்கு மாற்றுங்கள். தலைமையாசிரியை அம்மாவின் முழங்காலில் தினமும் எண்ணெய் தேய்க்கச் சொன்னாலும் தேய்க்கிறேன். வினோதினியை மட்டும் உத்தரகாண்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்தப் பெண்ணுக்காகத்தான் கேட்கிறேன், வேறு எந்த எண்ணமும் எனக்கு இல்லை. நம்பிக்கை வரவில்லையென்றால் அந்த இடத்துக்கே வருகிறேன், பலகையை எப்படித் திருப்பினேன் என்று நடித்துக் காட்டுகிறேன். கேமரா மட்டும் வேண்டாம்.