மைனஸும் மைனஸும்

சாயங்காலம் அவனியாபுரத்தில் கிளம்பிய ஷேர் ஆட்டோவில் என் எதிரே இரண்டு கணக்கு டீச்சர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே பள்ளிக்கூடம் என்பது பேச்சில் தெரிந்தது. மூத்தவர் திடீரென்று கேட்டார்:

"என் க்ளாஸ்ல மட்டும் ஏன் ஒருத்தியும் கேள்வியே கேக்க மாட்டேங்குறா?"

"கேக்குறாங்கள்லக்கா."

"என்ன கேக்குறாளுக? மார்ஜின் போடணுமா மிஸ், இது எத்தன மார்க்கு மிஸ். இம்புட்டுத்தான். ஒன் க்ளாஸ்ல கேக்குற சத்தம் வராண்டா வரைக்கும் வருது."

இளையவர் சிரித்தார். மூத்தவர் சிரிக்கவில்லை.

"ஒன் க்ளாஸ்ல எம் மக கேக்குறாளா?"

"தெனமும் கேப்பாக்கா. இன்னைக்குக்கூட, மைனஸையும் மைனஸையும் பெருக்குனா எப்படி மிஸ் ப்ளஸ் வரும்னா."

"நீ என்ன சொன்ன?"

"வெளங்குற மாதிரி சொல்லத் தெரியலக்கா. யோசிச்சுட்டு வாரேன், நீயும் யோசிச்சுட்டு வான்னேன்."

"தெரியலன்னு அவகிட்டயே சொன்னியா?"

"ஆமாக்கா. அவளுக்கு ஒரே சந்தோசம்."

வில்லாபுரம் வந்ததும் மூத்தவர் டிரைவரிடம் காசை நீட்டினார். இறங்கும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"எனக்கு அது தெரியும். நேத்து அந்தக் கணக்க எம் பக்கத்துல உக்காந்துதான் போட்டா. எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"