தெரிஞ்சிக்கிற உரிமை

இல்ல பூங்குழலி, எங்க வீட்டுக்காரரு ஒத்துக்க மாட்டாரு. நீ வர்றேன்னு போன் பண்ணதுமே பைய எடுத்துக்கினு மார்க்கெட்டுக்குக் கெளம்பிட்டாரு. வீட்ல காய் இல்லாமயா போறாரு? அவ்ளோ காலம் மேடை ஏறுன புரொபசரு, தன்னோட ஸ்டூடண்ட்டுக்கு பயந்து ஓடுறாரு. நீ ஒக்காரு, டீ ஆறுது பாரு.

ரிட்டையர்மெண்ட்டுக்கு காலேஜ்ல ஒரு கடைசி லெக்சர், அவ்ளோதானே? அது தப்பில்ல. தலைப்புதான் பேஜார். காணாமப் போனவங்க குடும்பத்துக்கு உண்மையத் தெரிஞ்சிக்கிற உரிமை. ஆமா, அவரோட சப்ஜெக்டே அதான், யாரு இல்லன்னா? அத வெச்சித்தானே புஸ்தகம் எழுதுனாரு. ஒடுகத்தூர்ல அடுத்தவன் நெலத்துல கூலிக்குப் போன குடும்பம், இவரு ஜெனிவா வரைக்கும் போய் சர்வதேச சட்டம் பேசுனாரு. கல்யாணத்துல எங்க ஆம்பூர் சனங்க, இன்னா வக்கீலு இவரு, கோர்ட்டுக்கே போமாட்டாராமேன்னு சிரிச்சாங்க.

இலங்கை அகதி முகாம்லேந்து பொம்பளைங்க வந்து இதே ஹால்லதான் ஒக்காருவாங்க. ஒருத்திக்குப் புருஷன் காணோம், ஒருத்திக்குப் புள்ள. இவரு ஐ.நா.வுக்கு மனு எழுதித் தருவாரு. செத்துட்டான்னாலும் கவர்மெண்ட்டு சொல்லித்தாம்மா ஆகணும், அது ஒங்க உரிமைம்பாரு. அவங்க போனப்புறம் இவருக்கு சோறு எறங்காது. செத்தவன அழுது முடிச்சிடலாம் புஷ்பம், காணாமப் போனவன இன்னா பண்றதும்பாரு.

நீ டெல்லில இருந்தப்போதான் எங்க எபனேசர் வேல பாத்த கப்பல் கவுந்துச்சி. எங்களுக்கு ஒரே புள்ள. ரெண்டு மாசம் தகவலே இல்ல. நான் மனுஷியாவே இல்லம்மா. வாசல் கேட்டு சத்தம் கேட்டா ஓடுவேன். அவன் தட்டுல சோறு போட்டு மூடி வெப்பேன். இவரு அந்த முகாம் பொம்பளைங்கள எப்டி பாப்பாரோ அதே மாரி என்னப் பாப்பாரு. அது எனக்கு எரிச்சலா இருக்கும்.

அப்புறம் ஒடம்பு கெடச்சிருக்குன்னு கம்பெனிக்காரன் சொன்னான். இவருதான் மெட்ராஸ் ஏர்போர்ட் போய்ப் பாத்தாரு. எம்புள்ளதான்னு கையெழுத்து போட்டு எடுத்தாந்தாரு. முகத்தப் பாக்காத புஷ்பம், மீனு விட்டு வெக்கலன்னு எங் கையப் புடிச்சிக்கினாரு. சரின்னுட்டேன். அடக்கம் பண்ணோம். அப்புறம் நான் சாப்ட்டேன், தூங்குனேன், ஸ்கூலுக்குப் பாடம் நடத்தப் போனேன்.

இவருதான் கெட்டுப் போய்ட்டாரு. முகாம்காரங்க வந்தா நான் இல்லன்னு சொல்லுன்னாரு. கல்லறைல பேரு வெட்டணும்னு கல்லுக்காரன் கேட்டுக் கேட்டு ஓஞ்சிட்டான், வெறும் சிலுவதான் நிக்குது. கல்லறைத் திருநாளுக்குப் போனா எல்லாரும் ஜெபம் பண்ணுவோம். இவரு மட்டும் மன்னிச்சிடு தம்பி, மன்னிச்சிடு தம்பின்னு முணுமுணுப்பாரு. பெத்த புள்ளய ஒரு நாளும் தம்பின்னு கூப்ட்டதில்ல. எபிம்பாரு.

துக்கம்னு நெனைக்கிற. எல்லாரும் அப்டித்தான் நெனைக்கிறாங்க.

நம்ம சனங்க செத்தவங்களுக்கு கோட்டு, சாக்ஸு, ஷூ எல்லாம் மாட்டித்தானே பொட்டில வெப்போம். எபிக்கு பாதம் ரொம்பப் பெருசு, கடைல சைஸே கெடைக்காது. ஆம்பூர் ஷூ கம்பெனில இருக்குற எங்கண்ணன் கிறிஸ்துமஸுக்குன்னு தனியா அச்சு போட்டு தெச்சிக் குடுப்பாரு. அந்த ஷூவத்தான் போடணும்னு நான் அடம் புடிச்சி அழுதேன். இவரு எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுக் கதவச் சாத்திக்கினாரு. ஜன்னல மறந்துட்டாரு. தண்ணில கெடந்த ஒடம்பு வீங்கத்தானே செய்யும்? ஷூவுக்குள்ள காலு லொடலொடன்னு ஆடுது. இவரு அழுதுக்கினே பஞ்ச எடுத்து எடுத்து அடைக்கிறாரு.

எனக்காவத்தான் பண்ணாரு. நான் பாத்தது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா செத்துடுவாரு. நீ சொல்லிடாத.

சின்னக் காலு பூங்குழலி அது, எந்தத் தாயி பெத்ததோ. அவளுக்கு யாரு சொல்லுவா?

அதான் சொல்றேன், கடல் எல்ல, மீன்புடி, இன்னாவோ ஒண்ணு பேசச் சொல்லு. இந்தத் தலைப்பு வேணாம். அந்தக் கட்டிலுக்கு அடியிலயா? ஷூ பொட்டிங்கம்மா. இன்னும் வருஷா வருஷம் அண்ணன்கிட்ட ஒரு ஜோடி சொல்லி வாங்கி வெக்கிறேன். எபி வந்தா கால்ல போட ஒண்ணு வேணும் இல்ல?