ஐநூறு ரூபாய் டிக்கெட்

ஐநூறு ரூபாய் டிக்கெட் அதிகம் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. ஒரு ராக் கச்சேரி கேட்கக் கொச்சிக்குப் போய்த் திரும்பினால் பஸ் செலவே அதற்குமேல் ஆகும். எங்கள் ராக் ரசிகர் வாட்ஸப் குழுவில் இருந்த நாற்பது பேருக்கும் அது தெரியும்.

என் பெயர் விஜயபாண்டி. சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம். கச்சேரி என் தோட்டத்துக் களத்தில்தான் நடந்தது. குழுவில் இருக்கும் ரஹ்மத்தின் மகள் சுமையாவுக்கு இதய ஆபரேஷன். ஏழு வயது. ‘எட்டாம் வளைவு’ பேண்டுக்காரர்கள் காசு வாங்காமல் வாசிக்க ஒத்துக்கொண்டார்கள். டிக்கெட் வசூல் முழுக்கக் குழந்தைக்கு. “நான் இருக்கேன், நீ கவலப்படாத” என்று ரஹ்மத்திடம் வாய் விட்டுவிட்டேன். விட்ட நாளிலிருந்து பயம்.

டிக்கெட்டே கூடாது என்றவன் அம்மாவாசி. கம்பத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். குழுவில் குரல்பதிவு போட்டான்.

“அண்ணே, பேண்டுக்காரகளே சும்மா வாசிக்கிறோம்னுட்டாக. என் ஜீப்புல வர்ற அக்காமாருக ஐநூறு ரூவாய்க்கு ஒரு நாப்பூரா குனிஞ்சு காய் எடுக்கணும். அதுகளும் கேக்கட்டும்ணே. ஒரு வாளிய வைப்போம், முடிஞ்சதப் போடட்டும்.”

ஓசியில் கேட்கிறவன் தர்மம் செய்யமாட்டான் என்று நான் எழுதினேன். “தர்மத்துக்கு எதுக்குண்ணே டிக்கெட்டு?” என்று திருப்பிக் கேட்டான். அதற்கு முப்பது பேர் கைதட்டல் படம் போட்டார்கள். ரஹ்மத்தும் போட்டான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சரியாகச் சொன்னால் முப்பத்தொரு பேர்.

கச்சேரி அன்று மதியம் வரை பாதி டிக்கெட்கூடப் போகவில்லை. பின்வேலி வழியாக ஜீப் ஆட்களைக் கூட்டிவரப்போவதாக அம்மாவாசி குழுவில் போட்டிருந்தான். அதைப் பார்த்தால் காசு கொடுத்தவர்களும் திருப்பிக் கேட்பார்கள். ரஹ்மத் முகத்தில் எப்படி முழிப்பேன்.

மலையிலிருந்து பன்றி இறங்கும் தோட்டம் அது. இரவில் வேலிக்கம்பிக்குக் கரண்ட் விடுவேன். சட்டப்படி தப்புதான். விடிந்ததும் அணைத்துவிடுவோம். பகலில் கம்பியில் கரண்ட் இருக்காது என்று நம்பித்தான் இந்தப் பக்கம் புல் அறுக்கிறவர்களும் ஆடு மேய்க்கிறவர்களும் வேலியைத் தொடுகிறார்கள். அன்றைக்கு அணைக்க மறந்துவிட்டேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள்.

மறக்கவில்லை. விடிந்ததும் அணைத்தேன். மாலை நாலரை மணிக்கு மறுபடி போட்டேன். ஒரு உதறு உதறினால் எல்லாரும் முன்வாசலுக்கு வந்துவிடுவார்கள் என்பதுதான் என் நினைப்பு. அதற்கு முன்னால் வேலியோரம் தண்ணீர் திறந்துவிட்டிருந்தேன். வெட்டுக்கு நிற்கும் திராட்சைக்கு யாரும் தண்ணீர் பாய்ச்சமாட்டார்கள், பழம் வெடித்துவிடும். நீங்களும் விவசாயக் குடும்பம்தான். விசாரணைக்கு வந்த அன்றைக்கு அந்த ஈர மண்ணைக் குனிந்து பார்த்தீர்கள். அன்றிலிருந்து வீட்டில் விளக்கு சுவிட்சைக்கூடத் தொட முடிவதில்லை. என் மனைவி அனுசுயாதான் போடுகிறாள்.

இரண்டாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அம்மாவாசி வந்தான். வெயில் இறங்கவில்லை. பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள். கையில் வாளி. அதில் பாதிக்கு நோட்டு. ஜீப்பிலேயே வசூல் பண்ணியிருக்கிறான்.

அவனை ஒட்டி நின்றது சுருளியம்மாள் அக்கா. எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். பொய். என்னைத் தெருவில் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறார். ஒரு பொம்பளை என்னைப் பார்த்து அப்படி நடுங்குவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன். அம்மாவாசியும் நானும் பேசி அவர் காதில் விழுந்தது இதுதான்.

“அண்ணே, கரண்டு இல்லேல்ல?”

“பகல்ல எவன்டா போடுவான்? கம்பிய நல்லா அமுக்கிப் பிடி, அக்காமாருக தாண்டட்டும்.”

நல்லா அமுக்கிப் பிடித்தான். வாளியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும்.

ரஹ்மத் டிக்கெட் பணத்தைத் தொடமாட்டேன் என்கிறான். அந்த வாளியை மட்டும் வாங்கிக்கொண்டான். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, செத்துப்போன அம்மாவாசி மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. ஒரு டிக்கெட் வாங்கியிருந்தால் முன்வாசல் வழியாகவே வந்திருப்பான்.