பதினோரு தட்டு

மாலை நாலே கால். லுக்பான் வளைவைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது. இடது பக்கம் மலை. வலது பக்கம் சுரங்கத்தின் கழிவுக் குளம்... மூடுபனியில் குளம் தெரியாது, வாடை மட்டும் தெரியும். அந்தச் சாலையில் சுரங்கத்து பஸ் ஒன்று பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வருகிறது.

பன்னிரண்டு பேர்தான். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது எனக்கு நடந்ததில்லை. அதோ, போர்வைக்குள் தலையை விட்டுத் தூங்குகிற மாதிரி நடிக்கிறானே கித்தோங், அவனுடைய தாய்மாமாவுக்கு நடந்தது. பொய் என்று பட்டால் அவனை உதையுங்கள். புயலில் பாகியோ முழுக்கக் கரண்ட் போய்விட்டது, விடுதிக்கார அம்மா மெழுகுவத்தியையும் ஒன்றுக்கு மேல் தரமாட்டேன் என்றுவிட்டார். வேறு என்ன செய்வது?

"மெழுகுவத்திய இந்தப் பக்கம் தள்ளுடா," என்றான் ரமில்.

"ஏன், இப்பவே பயமா?"

"நூடுல்ஸ்ல எறும்பு கிடக்குதான்னு பாக்கணும்டா."

சரி. மாமாவின் பெயர் டெல்ஃபின். ஷிஃப்ட்டுக்குத் தலைவர். கீழே பதினோரு பேர். வேலை முடிந்து, ஆளை மேலே தூக்கும் லிஃப்ட் கூண்டில் ஏறும்போது ஒவ்வொருவன் ஹெல்மெட்டிலும் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டி எண்ணுவார். டொக், டொக், டொக்... பதினொன்று. கடைசியாகத் தன் ஹெல்மெட்டில் தானே ஒரு தட்டு. பன்னிரண்டு. அதற்குப் பிறகுதான் மேலே மணி அடிப்பார். ஒருத்தனை விட்டுவிட்டு அவர் ஏறியதே இல்லை.

எண்ணுவதற்கு முன்னால் இன்னொன்றும் உண்டு. நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். ஆற்றங்கரையோ, அடுத்த ஊரோ, எந்த இடத்தை விட்டுக் கிளம்பினாலும் தன் பெயரைத் தானே சொல்லிக் கூப்பிட வேண்டும். 'இன்னார், வா போகலாம், இங்கேயே நின்னுடாதே.' கூப்பிடாமல் வந்தால் உயிர் அங்கேயே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிடும். உடம்பு மட்டும் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும். சுரங்கத்தில் இதை யாரும் மறப்பதில்லை. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பெயர். இரண்டு நிமிஷம் ஆகும்.

அந்த இரண்டு நிமிஷத்தில்தான் கம்பெனியின் கண் விழுந்தது.

அங்கே ஒரு டன் பாறையை அரைத்தால் வரும் தங்கம் ஒரு பல்லுக்குக் கட்டக்கூடக் காணாது. செம்பு கொஞ்சம் கூடுதலாக வரும். அதனால் மலையையே அரைக்கிறார்கள். இருக்கிற ஆழம் போதாது என்று அதற்குக் கீழே இன்னொரு லெவல் தோண்ட ஆரம்பித்தார்கள். பாறையும் ஆளும் ஏறுவது ஒரே செங்குத்து ஷாஃப்ட்டில்; ஆள் ஏறி முடிக்கும்வரை பாறை காத்திருக்கும். மணிலாவிலிருந்து வந்த பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார். ஒரு வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. உள்ளூர்ப் பண்பாட்டை நிர்வாகம் மிகவும் மதிக்கிறது. ஆகவே கூப்பிடும் வழக்கத்தைத் தடை செய்யவில்லை. ஆனால் இனிமேல் எல்லோர் சார்பிலும் ஷிஃப்ட் தலைவர் ஒருவரே, மொத்தமாக, பத்து விநாடிக்குள் கூப்பிட்டு முடிக்க வேண்டும்.

"மொத்தமான்னா எப்படி மாமா?" என்று கித்தோங் கேட்டிருக்கிறான்.

"'எல்லாரும் வாங்க, போகலாம், ஒருத்தரும் நின்னுடாதீங்க.' எழுதியே குடுத்துட்டாங்கடா. கையெழுத்து வேற வாங்கிட்டாங்க."

பதினோரு பேரும் சுற்றறிக்கைக்குத் தலையாட்டிவிட்டு, தினமும் தங்கள் பெயரை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டார்கள். விதிப்படி நடந்தவர் ஒருவர்தான். தலைவர் அல்லவா.

ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் வெடி வைத்துப் புகை அடங்கியதும் போய்ப் பார்த்தால், பாறை முகத்தில் ஒரு ஓட்டை. ஆள் நுழைகிற அளவு. அந்தப் பக்கம்... இருட்டு. உள்ளே மரத்தூண்கள். அந்தக் காலத்துக் குடைவு. உலகச் சண்டைக்கு முன்னால் அங்கே மண் சரிந்து பதினேழு பேர் மாட்டிக்கொண்டார்கள், தோண்டி எடுக்கச் செலவாகும் என்று வாசலை அடைத்துவிட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கம்பெனியின் வரைபடத்தில் அப்படி ஒரு குடைவே கிடையாது. ஆகவே அந்த ஓட்டையும் கிடையாது. பொறியாளர் வந்து எட்டிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி கான்கிரீட் போட்டு மூடிடலாம். மேல யாருக்கும் சொல்ல வேணாம்."

ஓட்டையிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. பூண்டு வாடை. அந்தக் காலத்துக் கார்பைடு விளக்கு அப்படித்தான் நாறும் என்றார் ஹிலாரியோ. குழுவில் மூத்த ஆள் அவர். இந்தக் கதையைக் கித்தோங்கிடம் சொன்னவரும் அவர்தான்.

மூன்று நாற்பதுக்கு ஷிஃப்ட் முடிந்தது. கூண்டின் வாசலில் நின்று டெல்ஃபின் உரக்கக் கூப்பிட்டார்.

"எல்லாரும் வாங்க, போகலாம். ஒருத்தரும் நின்னுடாதீங்க."

எல்லாரும் என்றால் ஓட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களுமா என்று ஹிலாரியோவுக்கு அப்போதே பட்டிருக்கிறது. ஆனால் பதினோரு பேரும் கூண்டுக்குள் ஏறியாகிவிட்டது. டெல்ஃபின் எண்ண ஆரம்பித்தார். டொக். டொக். டொக்... பதினொன்று.

கை நிற்கவில்லை.

தொப்... தொப்... தொப்... இப்போது சத்தம் வேறு. பிளாஸ்டிக்கைத் தட்டுகிற சத்தமில்லை. நனைந்து இறுகிய துணித்தொப்பியைத் தட்டுகிற சத்தம். டெல்ஃபின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தட்டிக்கொண்டே போகிறார். இருபது... இருபத்தைந்து... இருபத்தெட்டில் நின்றார். உள்ளே வந்தார். மணி அடித்தார். தன் ஹெல்மெட்டில் தட்டிக்கொள்ளவில்லை.

மறந்துவிட்டார்.

மேலே லிஃப்ட் ஓட்டும் நேலியா போனில் கேட்டாளாம்.

"எத்தன பேருண்ணே ஏறினீங்க?"

"பன்னெண்டு."

"இருபத்தொம்பது பேரு எடை காட்டுதே. பன்னி ஏதாச்சும் புடிச்சு வரீங்களா, கல்யாணத்துக்கு?"

முப்பது பேர் கூண்டில் பன்னிரண்டு பேர் தாராளமாக நிற்கலாம். அன்று ஹிலாரியோவால் முழங்கையை அசைக்க முடியவில்லை. அவர் கழுத்தில் யாருடைய தொப்பியிலிருந்தோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீயா இருந்தா திரும்பிப் பாத்திருப்பியா?" என்றேன் ரமிலிடம்.

"நானா இருந்தா கல்லூரி படிச்சு வேற வேலைக்குப் போயிருப்பேன்."

"நீ மூணு பேப்பர் அரியர்டா."

பிறகுதான் அந்த பஸ். ஸ்பிரிங் நசுங்கி முனகிக்கொண்டே வந்தது. லுக்பான் வளைவில் கார்டோ, அவர்தான் ஓட்டுநர், பஸ்ஸை நிறுத்திவிட்டார். யாரோ இறங்கணும் என்றது போலக் காதில் விழுந்ததாம். அங்கே முன்பு சுரங்கக்காரர்களின் குடியிருப்பு இருந்தது. சுரங்க விரிவாக்கத்தில் கழிவுக் குளத்து அணையை உயர்த்தியபோது கழிவுச் சேற்றுக்கு அடியில் போய்விட்டது. கதவு திறந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஆனால் பஸ் மெல்ல, மெல்ல, ஒரு சாண் உயர்ந்தது. வெறுங்கால்கள் சரளையில் நடக்கிற சத்தம் பனிக்குள் போனது... சேற்றோரத்தில் நின்றுவிட்டது.

டெல்ஃபின் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்தார். மனைவி லுமிண்டா பன்றிக்கறிக் குழம்பு ஊற்றிச் சோறு வைத்தாள். தொடவில்லை. இரண்டு கம்பளி போட்டும் உடம்பு ஈரக்கல் மாதிரி சில்லென்று இருந்தது. மறுநாள் பேச்சு நின்றுபோனது. அதற்கும் மறுநாள் தண்ணீரும் இறங்கவில்லை.

"கீழ கூப்பிட்டாரா இல்லையா?" என்று அவள் ஹிலாரியோவைப் பிடித்து உலுக்கினாள்.

"எல்லாரையும் கூப்பிட்டான்மா."

"அவரு பேர?"

"அவன் பேர மட்டும் சொல்லலம்மா."

"ஊருக்கெல்லாம் தலைவரு. தன்ன மட்டும் விட்டுட்டு வந்துட்டாரா?"

வெள்ளிக்கிழமை இரவு ஓட்டையை அடைத்துவிட்டால் அந்தப் பக்கம் நிற்பது அந்தப் பக்கமே. அதற்குள் உயிரைக் கூட்டி வந்தாக வேண்டும். நெருங்கிய உறவுதான் கூப்பிட வேண்டும், கையில் அவருடைய சட்டை இருக்க வேண்டும். லுமிண்டா சட்டையை எடுத்துக்கொண்டு காலையிலேயே சுரங்க வாசலுக்குப் போனாள். காவலாளி மரியாதையாகத்தான் பேசினான்.

"கீழ போகணும்னா மூணு நாள் பாதுகாப்புப் பயிற்சி எடுக்கணும்க்கா. திங்கக்கிழமை புது வகுப்பு. போட்டோ ரெண்டு."

"அதுக்குள்ள அவரு செத்துடுவாருப்பா."

"அதுக்கு வேற படிவம்க்கா."

ஹிலாரியோ அவளை மலைமேல் காற்றுக் குழிக்குக் கூட்டிப் போனார். கீழிருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சி வெளியே தள்ளும் குழி. ராட்சத விசிறியை ஷிஃப்ட் மாறும்போது மட்டும் பத்து நிமிஷம் நிறுத்துவார்கள். மூன்று நாற்பது. விசிறி நின்றது. வெதுவெதுப்பான காற்று... பூண்டு வாடை... பிறகு, ரொம்ப ஆழத்தில்...

டொக். டொக். டொக்.

பதினொன்று. நின்றது. மறுபடி முதலிலிருந்து. டொக். டொக்...

"டெல்ஃபின்! வா, போகலாம்! அங்கயே நின்னுடாத!"

தட்டுவது நின்றது. கீழிருந்து அவர் குரல். களைத்த குரல்.

"ஒருத்தன் குறையுறான். அவன் வராம நான் ஏற மாட்டேன்."

"அது நீதான்யா!" என்று லுமிண்டா குழிக்குள் கத்தினாள். "எண்ண மறந்தது உன்னத்தான்! உன் தலையில தட்டிப் பாரு!"

அப்புறம்...

டொக்.

பன்னிரண்டு.

விசிறி மறுபடி உறுமியது. இருவரும் இறங்கி நடந்தார்கள். முன்னால் ஹிலாரியோ, பின்னால் சட்டையைக் கையில் தொங்கவிட்டபடி லுமிண்டா. வீடு சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. கூப்பிடுகிறவளைத் தவிர வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் வருகிற உயிர் திரும்பிவிடும். பத்தடிக்கு ஒரு தரம் அவள் கூப்பிட்டாள். "டெல்ஃபின், வா, போகலாம்." பின்னால் ரப்பர் பூட்ஸ் சத்தம். ப்ளக்... ப்ளக்... டெல்ஃபினின் இடது பூட்ஸ் அடியில் ஒரு ஆணி கழன்றிருக்கும். அந்த 'டிக்' கூடக் கேட்டது. ஹிலாரியோவுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆறு கிலோமீட்டர். இரண்டு நாள் தூங்காத பெண். லுக்பான் வளைவில் தொண்டை அடைத்துக்கொண்டது. இருமினாள். மறுபடி வாயைத் திறந்தபோது காற்றுதான் வந்தது. அதில் தேறியது இவ்வளவுதான்.

"வா... போகலாம்."

பெயர் இல்லை.

ஹிலாரியோ 'பேரு, பேரச் சொல்லு' என்று கத்த வாயெடுத்தார். கத்தவில்லை. நகம் உள்ளங்கையைக் கிழிக்கக் கையை இறுக்கிக்கொண்டு நடந்தார். நாலடி. ஐந்தடி.

பின்னால் நடக்கிற சத்தம் இப்போதும் வந்தது. ஆனால் பூட்ஸ் இல்லை.

வெறுங்கால்.

லுமிண்டாவின் கையில் சட்டை கனத்தது. முனையிலிருந்து சாம்பல் நிறச் சேறு சொட்டியது. அவளும் கேட்டிருப்பாள். கேட்காமலா இருப்பாள்? ஆனால் திரும்பவும் கூடாது, வீட்டில் படுத்திருக்கிற உடம்பைச் சும்மா விடவும் கூடாது. போனாள். சட்டையை அவருக்குப் போட்டுவிட்டாள்.

அன்று இரவே உடம்பு சூடானது. எழுந்து உட்கார்ந்து மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டார். கரண்டியைத் தொடவில்லை, கையால் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். கீழே கான்கிரீட் இறங்கியது. திங்கட்கிழமை வேலைக்குப் போனார். விபத்தே இல்லாத காலாண்டு என்று கம்பெனி அவருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தது. கண்ணாடிச் சட்டம் போட்டது.

"கித்தோங், சான்றிதழ பாத்தியாடா?"

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "பாத்தேன். கதைய முடி."

அந்தத் திங்கட்கிழமை நாலே கால். பஸ். மூடுபனி. முன்சீட்டில் மாமா குளத்துப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். பின்னால் பதினோரு பேர். லுக்பான் வளைவில் கார்டோ பிரேக் போட்டார். யாரோ கை காட்டியது போலிருந்ததாம்.

கதவு திறந்தது. யாரும் ஏறவில்லை.

பஸ்ஸின் தகரத்தில், வெளியிலிருந்து, முன்னாலிருந்து பின்னால் வரை... டொக். டொக். டொக். ஒவ்வொரு தலைக்கும் நேராக ஒரு தட்டு. பதினொன்று. முன்சீட்டுக்கு நேராக மட்டும் இல்லை.

ஹிலாரியோ முன்சீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"டெல்ஃபின்?"

முன்சீட்டில் இருந்தவர் திரும்பவில்லை. தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்றே அவருக்குத் தெரியவில்லை.

வெளியே, பனிக்குள், பூட்ஸில் அந்த 'டிக்' கேட்டது.

"நீங்க போங்கண்ணே," என்றது அதே களைத்த குரல். "ஒருத்தன் குறையுறான்."