ஜோடிச் சீட்டு

“தாத்தா, கையைத் தூக்கறது மட்டும்தான் உங்க வேலையா?”

என் பேத்தி ஐந்து வயதில் கேட்ட கேள்வி இது. சட்டசபைப் பார்வையாளர் மாடத்தில் அவளை ஒரு மணி நேரம் உட்கார வைத்திருந்தோம். வீட்டுக்கு வரும்வரை பொறுத்திருந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

“தூக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிப்போம்மா” என்றேன்.

“நீங்க யோசிக்கலையே. தூங்கினீங்க.”

அன்றிலிருந்து வீட்டில் எனக்குக் கைத்தூக்கி என்று பெயர்.

ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் தொகுதி மக்களுக்கு ஒரு கடிதம் எழுதுவது என் இருபத்திரண்டு வருஷப் பழக்கம். இந்தத் தடவைக் கடிதத்தை உதவியாளர் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். தெருநாய்க்குச் சோறு போட உரிமம் வாங்க வேண்டும் என்ற மசோதாவை எதிர்த்தேன் என்று அதில் சொல்லியிருக்கிறேன். பசித்த நாய் விண்ணப்பம் முடிகிறவரை காத்திருக்காது. பேருந்தில் முதியவருக்கு இடம் விடாதவருக்கு அபராதம் என்று ஒன்று வந்தது. தானாக எழுந்து இடம் கொடுக்கிறவனின் சந்தோஷத்தை அபராதச் சீட்டு கெடுத்துவிடும் என்று பேசினேன். எதிர்க்கட்சிக்காரர்களே மேசையைத் தட்டினார்கள். என்னைப் பழமைவாதி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சட்டம் சின்னதாகவும் மனசு பெரிதாகவும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான். காலையில் பிரார்த்தனை செய்யாமல் நான் சபைக்குப் போனதில்லை.

கடிதத்தில் இல்லாத ஒரு மசோதாவைப் பற்றியது இந்தப் பக்கம். இதை உதவியாளரிடம் கொடுக்கப்போவதில்லை.

போன கூட்டத்தொடரில் அதைக் கொண்டுவந்தவர் எதிர்க்கட்சி உறுப்பினர். முன்பு பள்ளி ஆசிரியை. அதனால் எங்கள் எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. முதியோர் இல்லங்களில் எந்தக் கதவையும் வெளியிலிருந்து பூட்டக் கூடாது, உள்ளேயிருப்பவர் கைவைத்தால் திறக்க வேண்டும், மாடிக்கு ஓர் ஆள் எப்போதும் இருக்க வேண்டும். மசோதா மொத்தமே ஒன்றரைப் பக்கம். எழுத்துப்பிழைகூட இல்லை. டீச்சர் இல்லையா.

எங்கள் பிரார்த்தனைக் குழுவில் ஒருவர் அப்படி ஓர் இல்லம் நடத்தினார். பத்தொன்பது முதியவர்கள். வாரம் ஒருநாள் அவரே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் நகம் வெட்டிவிடுவார். என் அம்மாவின் கடைசி இரண்டு வருஷம் அங்கேதான் கழிந்தது. அவர் என் அலுவலகத்துக்கு வந்து, கொடுத்த தேநீரைக்கூடத் தொடாமல் சொன்னார்: “அண்ணே, மாடிக்கு ஓர் ஆள் போட எனக்கு ஏது வசதி? இது வந்தா மூடிட்டுப் போக வேண்டியதுதான். அவங்கள எங்க கொண்டுபோய் விடறது?”

“நான் இருக்கேன்” என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது.

எண்ணிக்கை இழுபறியாக இருந்தது. எங்கள் கூட்டணியில் சிலர் அந்த மசோதாவை ஆதரித்ததால், எல்லோரும் வந்தால் அவர்கள் பக்கம் நாற்பத்தொன்று, எங்கள் பக்கம் நாற்பது. சமமாக வந்துவிட்டால் சபாநாயகர் இருக்கிற நிலையே தொடரட்டும் என்று வாக்களிப்பார், அது மரபு. ஆகவே ஒரே ஒருவர் குறைந்தால் போதும்.

எங்கள் சபையில் ஜோடி போடுவது என்று ஒரு பழக்கம் உண்டு. கல்யாணப் பேச்சு அல்ல. ஒரு கட்சிக்காரருக்கு வீட்டில் அவசரம் என்றால், எதிர்த்தரப்பில் ஒருவர் தானும் வாக்களிக்காமல் வெளியே இருந்துவிடுவார். கணக்கு மாறாது. இரண்டு சீட்டில் இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொன்றாகத் தத்தம் கட்சிக் கொறடாவிடம் கொடுக்க வேண்டும். விதிப்புத்தகத்தில் இது கிடையாது. மனிதனை மனிதன் நம்புவதால் மட்டுமே நடக்கிற காரியம். புதிய உறுப்பினர்களுக்கு நான் வகுப்பெடுக்கும்போது இதைத்தான் முதலில் சொல்வேன்.

வாக்கெடுப்பு நாளன்று மத்தியானம் டீச்சரம்மாவுக்கு ஒரு தொலைபேசி வந்தது. அவருடைய அப்பாவும் அதே இல்லத்தில்தான் இருந்தார். மனைவி இல்லாத மனிதர், மறதி அதிகம். மகள் சபைக்கும் வீட்டுக்குமாக ஓடுகிறவர். அப்பாவைப் பார்க்கப் போய் வந்ததில்தான் அந்த ஒன்றரைப் பக்கமே பிறந்தது.

நடைபாதையில் கைப்பையை அணைத்தபடி நின்றிருந்தார்.

“அப்பா என்னையே கேட்டுட்டு இருக்காராம் அண்ணா. சாப்பிட மாட்டேங்கறாராம். இன்னைக்குப் பார்த்தா இப்படி.”

“போயிட்டு வாம்மா. நான் ஜோடி போடறேன்.”

“நீங்களா? உங்க ஆளுங்க உங்கள உரிச்சிடுவாங்க.”

“உரிக்க என்ன இருக்கு, எலும்புதான்.”

சிரித்தார். சன்னல் திண்டில் வைத்து இரண்டு சீட்டிலும் கையெழுத்துப் போட்டோம். என் பேனாவைத்தான் கொடுத்தேன். அவர் தன் சீட்டைத் தன் கொறடாவிடம் கொடுத்துவிட்டு ஓடினார். நான் என்னுடையதைப் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்து உள்ளே போய் உட்கார்ந்தேன்.

என் பெயரைச் சொன்னதும் மசோதாவுக்கு எதிராக என் கை மேலே போயிற்று. நாற்பதுக்கு நாற்பது. எதிர்க் கொறடா எழுந்து சீட்டைக் காட்டி ஏதோ சொன்னார். விதியில் இல்லாததைச் சபாநாயகர் எப்படிப் பார்ப்பார். மசோதா விழுந்தது.

மறுநாள் நானே டீச்சரம்மாவைத் தேடிப் போனேன். மணி அடித்த பரபரப்பில் மறந்துவிட்டேன், வயதாகிவிட்டது என்றேன். “பரவாயில்லைண்ணா. அடுத்த தடவை பார்த்துக்கலாம். ஆனா நேத்து அப்பாவோட நல்லா இருந்தது. நான் யாருன்னு தெரிஞ்சுது. வாயில ஊட்டிவிட்டேன்” என்றார்.

அதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது. ஏனென்றால் அந்தத் தொலைபேசி அழைப்பை ஏற்பாடு செய்தவன் நான். காலையிலேயே இல்லக்காரரிடம் சொல்லியிருந்தேன். பொய் சொல்லச் சொல்லவில்லை. அந்தப் பெரியவர் எல்லா நாளும் மகளைக் கேட்கிறவர்தான். ஒரு மகளுக்கு அப்பாவோடு ஒரு மத்தியானம் கிடைத்தது. இப்படிப்பட்ட சின்னச் சின்ன அன்பில்தான் உலகம் ஓடுகிறது.

முப்பத்தெட்டு நாள் கழித்து இல்லத்தில் தீப்பிடித்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு இருபதுக்கு. துணி அடுக்கும் அறையில் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் விட்டிருக்கிறார்கள். அது மாடிக்காரர்கள் தூங்கும் நேரம். வேலையாட்கள் கீழே சாப்பிடுவார்கள். சமையல்காரம்மா இரும்பு வாளியால் சன்னலை உடைத்து நான்கு பேரை இழுத்துப் போட்டார். இரண்டு கையும் வெந்துவிட்டது அந்த அம்மாவுக்கு. மீதி ஏழு பேரும் கதவுக்கு இந்தப் பக்கமே வரவில்லை. அதில் டீச்சரம்மாவின் அப்பாவும் ஒருவர்.

கதவு பூட்டியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா என்று விசாரணை அதிகாரி இல்லக்காரரைக் கேட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை மாடியைப் பூட்டுவார்கள். நான் அம்மாவைப் பார்க்கப் போனால் பெரும்பாலும் அந்த நேரமாகிவிடும். அம்மா உள்ளேயிருந்து தட்டுவாள். அவளுக்குத் தட்டும் பழக்கம் உண்டு. தோட்டத்தில் வேப்பமரத்தடியில் நல்ல நாற்காலி போட்டிருந்தார்கள். செய்தித்தாளைப் படித்து முடிப்பதற்கும் அவர்கள் திறப்பதற்கும் சரியாக இருக்கும். அவளை யாரும் ஒருநாளும் அடித்ததில்லை. நகம் எப்போதும் சுத்தமாக இருந்தது.

ஏழு இறுதிச் சடங்குக்கும் போனேன். ஏழாவதில் டீச்சரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க மனசப் போட்டு வருத்திக்காதீங்கண்ணா. மறதி யாருக்குத்தான் இல்ல” என்றார். தன் அப்பாவை அடக்கம் செய்த அன்று எனக்கு ஆறுதல் சொன்ன மனுஷி. அப்படிப்பட்டவரிடம் கடன் வைத்திருக்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன். ஜோடிச் சீட்டில் கையெழுத்திட்டது என் கை. ஒரு வாக்கு நான் அவருக்குத் தர வேண்டியிருந்தது.

அவர் அந்த ஒன்றரைப் பக்கத்தை இந்தக் கூட்டத்தொடரில் மறுபடி கொண்டுவந்தார். அதற்குள் அவர்கள் பக்கம் ஓரிடம் காலியாகி, இடைத்தேர்தல் இன்னும் வராமல் இருந்தது. மறுபடியும் நாற்பதுக்கு நாற்பதில் விழுந்தது. அன்று நான் வெளியே இருந்திருக்கலாம். ஆனால் கொள்கை விஷயத்தில் சொந்த உணர்ச்சியைக் கலக்கக் கூடாது.

கடைசி நாளன்று வாகன நிறுத்தக் கட்டண மசோதா ஒன்று வந்தது. மணி அடித்தபோது நான் தேநீர் அறையில் தனியாக இருந்தேன். எழுந்து போகவில்லை. பிரார்த்தனைப் புத்தகத்திலிருந்து அந்தச் சீட்டை எடுத்து, அவருடைய கையெழுத்தை ஒருமுறை பார்த்து, நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டேன். மசோதா எழுபத்தொன்றுக்கு ஏழு என்று நிறைவேறியது. நான் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. இதெல்லாம் கடவுளுக்கும் நமக்கும் நடுவில் இருக்க வேண்டியவை.

ஒரு வாக்குக்கு ஒரு வாக்கு. எல்லாம் முடிகிறவரை கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பேத்தியிடம் சொன்னேன், தூக்காமல் இருப்பதும் தாத்தாவின் வேலைதான் என்று.